சுவரில் துளை இருக்கிறது, இரத்தம் எங்கே?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். மனசு பலவீனமானவர்கள் நடுவில் சில பந்திகளைக் கடந்து போனாலும் பரவாயில்லை, கடைசிப் பகுதியை மட்டும் தவறாமல் வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஒகஸ்ட் 3 வந்தால் காத்தான்குடியில் கடைகள் மூடப்படும். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலுக்குப் போகிறோம். சுவரில் உள்ள துளைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். 1990இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் துப்பாக்கிகள் திறந்த கதையைச் சொல்கிறோம். நாங்கள் சொல்லும் எண் 103. சில செய்திகளில் 140 என்றும் 147 என்றும் இருக்கிறது. எங்களைப் போன்ற முப்பது வயதுக்காரர்கள் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை, பிறந்தவர்களும் தொட்டிலில் இருந்தவர்கள். ஆகவே நாங்களும் கேட்டதைத்தான் சொல்கிறோம்.

இந்த முறை தரம் 10 மாணவன் ஒருவன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டான். “சேர், துளை இரிக்கி. இரத்தம் எங்க?”

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. எங்களுக்கும் உடனே பதில் வரவில்லை. ஆனால் அது குறும்புக் கேள்வியல்ல. இரத்தம் எங்கே, எப்படி, எந்த வடிவத்தில் விழுந்தது என்று கேட்பதற்கு உலகத்தில் ஒரு துறையே இருக்கிறது. அந்தத் துறையின் வரலாற்றை வாசித்துவிட்டு வந்து அவனுக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்தோம். வகுப்பில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் வேதத்தில் இருந்து தொடங்குவோம். யூசுப் நபியின் வரலாற்றில் சட்டை இரண்டு தடவை சாட்சி சொல்கிறது. முதல் தடவை, சகோதரர்கள் பொய் இரத்தம் பூசிய சட்டையை வாப்பாவிடம் கொண்டுவந்து ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். யஃகூப் நபி நம்பவில்லை. சட்டை கிழியாமல் இருந்ததை அவர் கவனித்ததாக தஃப்ஸீர் நூல்களில் வருகிறது. மனிதனைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விடுமா? இரண்டாவது தடவை, சட்டை முன்னால் கிழிந்திருந்தால் யூசுப் குற்றவாளி, பின்னால் கிழிந்திருந்தால் அவர் உண்மையாளர் என்று ஒருவர் சொல்கிறார். பின்னால்தான் கிழிந்திருந்தது. இரத்தம் இருக்கிறது என்பது வேறு, அந்த இரத்தம் சொல்லப்பட்ட கதைக்குப் பொருந்துகிறதா என்பது வேறு. இந்த வித்தியாசத்தை நாம் எல்லோரும் சின்ன வயதில் ஓதியிருக்கிறோம்.

தமிழ் இலக்கியத்திலும் இதே பாடம் உண்டு. கோவலனைக் கொன்ற பிறகுதான் சிலம்பு உடைக்கப்படுகிறது. உள்ளே முத்தா மாணிக்கமா என்று கொல்வதற்கு முன்னால் பார்த்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. சான்று அரண்மனையிலேயே இருந்தது. பார்க்க வேண்டிய நேரத்தில் யாரும் பார்க்கவில்லை.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். இரத்தக் கறையின் வடிவத்தை முறையாக ஆராய்ந்த முதல் பெரிய நூல் 1895இல் வெளிவந்தது. எழுதியவர் போலந்தின் கிராக்கோவ் நகரில் சட்ட மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய எட்வார்ட் பியோத்ரோவ்ஸ்கி. தலையில் அடிபட்டால் இரத்தம் எந்தத் திசையில், எந்த வடிவத்தில், எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. முயல்களை வைத்துப் பரிசோதித்தார், வெள்ளைச் சுவர்களில் விழுந்த கறைகளை நிறத்தோடு வரைந்து வைத்தார். இன்று அந்த முறையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் ஊகத்தை விட்டுவிட்டுச் செய்து பார்த்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர். அதே 1895இல்தான் இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டமும் வந்தது. அதன் 45ஆம் பிரிவு, விஞ்ஞானம் தெரிந்த நிபுணரின் அபிப்பிராயத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்கிறது. இன்றும் எங்கள் நீதிமன்றங்களில் அந்தச் சட்டம்தான்.

கறையின் வடிவம் ஒரு பக்கம். அது இரத்தமா, மனித இரத்தமா, யாருடையது என்பது இன்னொரு பக்கம். 1901இல் இரண்டு கண்டுபிடிப்புகள் வந்தன. ஜெர்மனியில் பவுல் ஊலன்ஹூத் மனித இரத்தத்தை மிருக இரத்தத்திலிருந்து பிரித்தறியும் பரிசோதனையைக் கண்டுபிடித்தார். வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டுபிடித்தார். அதுவரை “அது ஆட்டு இரத்தம் ஐயா” என்று சொன்னவனை மறுக்க உறுதியான வழி இருக்கவில்லை. நம் பக்கத்தில் மதராஸில் 1849லேயே இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுகூடம் அமைந்தது. கல்கத்தாவில் 1910இல் இரத்தக் கறைகளைப் பரிசோதிக்கவே தனி அலுவலகம் வந்தது. நம் நாட்டில் இந்த வேலை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். உடலைப் பார்ப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. இந்த இரண்டு பெயரையும் செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள்.

கறைகளை எப்படி வகை பிரிக்கிறார்கள்? சுருக்கமாக மூன்று பெட்டிகள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

முதல் பெட்டி, தானாக விழுந்தது. காயத்திலிருந்து சொட்டிய துளி, நடந்து போகும்போது வழி நெடுகச் சொட்டிய வரிசை, ஓரிடத்தில் தேங்கிய இரத்தம், சுவரில் வழிந்தது. இங்கே வேலை செய்வது பூமியின் ஈர்ப்பு மட்டும். இரத்தம் பட்ட கை கதவில் பட்டால் வரும் ஒற்றுக்கறையையும், ஏற்கெனவே இருந்த கறையைத் துணி துடைத்த அடையாளத்தையும் இதே பெட்டியில் போடுவார்கள்.

இரண்டாவது பெட்டி, விசையோடு தெறித்தது. அடிபட்ட இடத்திலிருந்து சிதறியது, ஓங்கிய ஆயுதத்தின் நுனியிலிருந்து கூரைவரை வரிசையாகப் பறந்தது, துப்பாக்கிச் சூட்டில் பனி போல நுணுக்கமாகத் தெறித்தது, நாடி அறுந்து அலை அலையாகப் பாய்ந்தது, இருமும்போது வாயிலிருந்து வந்தது. நாடியிலிருந்து பாய்வதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா கொடுக்கும் வளவில், பக்கத்து மதிலில் இரத்தம் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து கிடக்கும். ஒவ்வொரு வளைவும் இதயத்தின் ஒரு துடிப்பு. அதைக் கழுவும்போது யாரும் இப்படி யோசிப்பதில்லை.

மூன்றாவது பெட்டி, பிறகு மாறியது. காய்ந்தது, உறைந்தது, தண்ணீரில் கலந்து நீர்த்தது, ஈயும் எறும்பும் இழுத்தது, யாரோ கழுவியது. இந்த மூன்றாவது பெட்டியை மறந்துவிடாதீர்கள். பின்னால் திரும்ப வருவோம்.

இவற்றோடு ஒரு வெற்றிடமும் உண்டு. சுவர் முழுக்கக் கறை இருந்து, நடுவில் ஓர் ஆளளவுக்கு மட்டும் சுத்தமாக இருந்தால், அங்கே ஏதோ ஒன்றோ யாரோ ஒருவரோ நின்று அந்த இரத்தத்தைத் தடுத்திருக்க வேண்டும். இல்லாத கறையும் சாட்சி சொல்லும்.

இதன் கணக்கு தரம் 11 கணிதம்தான். துளி நேராக விழுந்தால் வட்டம். சாய்ந்து விழுந்தால் நீள்வட்டம். நீள்வட்டத்தின் அகலத்தை நீளத்தால் பிரித்தால் கிடைப்பது, துளி மேற்பரப்பில் மோதிய கோணத்தின் சைன். அகலம் 4 மில்லிமீற்றர், நீளம் 8 மில்லிமீற்றர் என்றால் விடை 0.5. சைன் 0.5 என்றால் கோணம் 30 பாகை. பல கறைகளின் நீளப் பக்கமாகக் கோடு இழுத்தால் அவை ஒரு பகுதியில் சந்திக்கும். அந்தக் கோணங்களில் நூல் கட்டினால் அந்தரத்தில் ஓர் இடம் கிடைக்கும். இரத்தம் புறப்பட்ட இடம் ஏறக்குறைய அது. அடி வாங்கியவர் நின்றாரா, இருந்தாரா, விழுந்து கிடந்தாரா என்று சொல்லப் பார்ப்பது இப்படித்தான். பிரான்சில் விக்டர் பல்தாசாரும் அவருடைய சகாக்களும் 1939இல் இந்தக் கோணக் கணக்கை முன்வைத்தார்கள்.

வகுப்பில் செய்து பார்த்தோம். பீட்ரூட் சாற்றில் கொஞ்சம் கோதுமை மா கரைத்தோம். பிறிஸ்டல் போர்டை 60 பாகை சாய்த்து வைத்தோம். பிள்ளைகள் சொட்டுக் குழாயால் விட்டார்கள், அடிமட்டத்தால் அளந்தார்கள். வர வேண்டிய விடை 30. ஒரு குழுவுக்கு 27 வந்தது, இன்னொரு குழுவுக்கு 34. அளந்தவர் வேறு, ஓரத்தை எங்கே முடிவாக எடுப்பது என்ற தீர்மானமும் வேறு. “சேர், ஒரே துளிதானே, எப்பிடி ரெண்டு விடை?” என்று கேட்டார்கள். இந்தத் துறையின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நூல் நேராகப் போகும், துளி நேராகப் போகாது. ஈர்ப்பினால் வளைந்து விழும். ஆகவே நூல் காட்டும் உயரம் பெரும்பாலும் உண்மையை விடக் கூடுதலாக இருக்கும். நின்றவர் என்றும் இருந்தவர் என்றும் சொல்வதற்கிடையே ஓர் ஆளின் ஆயுள் தண்டனை தொங்கும்போது அந்த வித்தியாசம் சின்ன விடயமல்ல.

அமெரிக்காவில் இரண்டு வழக்குகளைப் பாருங்கள். 1954 ஜூலை 4இல் ஒஹையோ மாநிலத்தில் டொக்டர் சாம் ஷெப்பர்ட்டின் மனைவி மெரிலின் படுக்கையில் அடித்துக் கொல்லப்பட்டார். கணவர்தான் குற்றவாளி என்று பத்திரிகைகள் முன்கூட்டியே தீர்ப்பு எழுதின. அவர் சிறைக்குப் போனார். 1955இல் போல் கேர்க் என்ற பேராசிரியர் அந்த அறையின் கறைகளை அளந்து, அடித்தவர் நின்ற இடத்தையும் அவர் இடது கையால் அடித்ததையும் கறைகள் காட்டுவதாகச் சத்தியக் கடதாசி கொடுத்தார். அப்போது அது எடுபடவில்லை. 1966இல் உயர் நீதிமன்றம், பத்திரிகைகளின் கூச்சலில் நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று தீர்ப்பை உடைத்தது. மறு விசாரணையில் கேர்க் சாட்சி சொன்னார், ஷெப்பர்ட் விடுதலையானார். அதன் பிறகு இந்தத் துறைக்கு மரியாதை கூடியது. 1971இல் ஹேர்பர்ட் மெக்டொனெல் எழுதிய அறிக்கை வந்தது. பொலிஸாருக்குக் குறுகிய பயிற்சிகள் பெருகின. தெறிப்பைக் குறைந்த வேகம், நடுத்தர வேகம், அதிக வேகம் என்று பிரித்தார்கள். மிகச் சிறிய துளி என்றால் துப்பாக்கி என்று சொல்லப் பழகினார்கள்.

இரண்டாவது வழக்கு அந்தப் பழக்கத்தின் விலை. 2000 செப்டெம்பரில் இண்டியானாவில் முன்னாள் பொலிஸ்காரர் டேவிட் கேம் என்பவரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவருடைய ரீசேட்டில் எட்டுச் சின்னப் புள்ளிகள் இருந்தன. அவை துப்பாக்கிச் சூட்டின் தெறிப்பு, ஆகவே சுட்டவர் அவரே என்றார்கள் அரச தரப்பு நிபுணர்கள். மகளின் இரத்தம் தோய்ந்த தலைமுடி சட்டையில் பட்டதால் வந்த ஒற்றுக்கறை என்றார்கள் எதிர்த்தரப்பு நிபுணர்கள். எட்டும் ஒரே புள்ளிகள்தான். இரண்டு தடவை அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகியது. இடையில் அந்த இடத்தில் கிடந்த ஒரு மேலாடையில் இருந்த மரபணு இன்னொருவனைக் காட்டியது. 2013இல் மூன்றாவது விசாரணையில் கேம் விடுதலையானார். பதின்மூன்று வருடங்கள் கழிந்திருந்தன.

2009இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் அறிக்கை, இரத்தக் கறை ஆய்வில் நிச்சயமின்மை மிகப் பெரியது, பல முடிவுகள் விஞ்ஞானத்தை விட ஆளின் அபிப்பிராயமாகவே இருக்கின்றன என்று எச்சரித்தது. 2021இல் வெளிவந்த ஆய்வொன்றில், விடை முன்கூட்டியே தெரிந்த கறைகளை 75 ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். சுமார் 11 சதவீத விடைகள் பிழை. இன்று கவனமான ஆய்வாளர்கள் வேகத்தை வைத்துப் பெயர் சொல்வதைத் தவிர்க்கிறார்கள். இருமினாலும் நுண்துளி வரும், சுட்டாலும் வரும். ஆகவே முதலில் கண்ட வடிவத்தை மட்டும் எழுது, காரணத்தைப் பிறகு சொல், வேறு எந்தக் காரணங்கள் பொருந்தும் என்பதையும் சொல் என்பதே இப்போதைய ஒழுங்கு.

நம் நாட்டிலும் நிபுணர்கள் நீதிமன்றத்தில் மோதிய பிரபல வழக்கு உண்டு. புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி 1951 ஒக்டோபரில் கொழும்பில் கொலையானார். எப்போது இறந்தார், எங்கே கொல்லப்பட்டார் என்பதுதான் முழு வழக்கும். ஸ்கொட்லாந்திலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து எதிர்த்தரப்புக்காகச் சாட்சி சொன்னார். 1953இல் சதாசிவம் விடுதலையானார். ஒரு வீட்டில் ஓர் உயிர் போனதற்கு உலகத்தின் பெரிய நிபுணர் கடல் கடந்து வந்தார்.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போன எங்கள் பள்ளிவாசலுக்கு யார் வந்தார்கள்?

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியிருந்தது. ஒகஸ்ட் 3க்குப் பிறகு 11ஆம் திகதி இரவு ஏறாவூர். அதற்கு முன் ஜூலையில் ஹஜ் முடித்தும் வியாபாரத்துக்குப் போயும் ஊர் திரும்பியவர்கள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டுக் காணாமல் போனார்கள். ஜனாஸாக்களைக் காத்திருக்க வைக்க முடியாது. பள்ளிவாசலில் இரத்தம் கிடக்க முடியாது, அது நஜீஸ், அடுத்த வக்துத் தொழுகை வரும். நூலும் பாகைமானியும் கொண்டு யாரும் வரவில்லை, வரக்கூடிய காலமும் அல்ல. போதாததற்கு, 1983 ஜூனில் கொண்டுவரப்பட்ட அவசரகால விதி ஒன்று மரண விசாரணை இல்லாமலே உடல்களை அகற்றும் அதிகாரத்தைப் படையினருக்குக் கொடுத்திருந்தது. மரணத்தைக் கேள்வி கேட்கும் பழக்கமே நாட்டில் தேய்ந்து போயிருந்த காலம் அது.

ஆகவே மாணவனுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். இரத்தம் மூன்றாவது பெட்டிக்குப் போய்விட்டது, மகன். கழுவப்பட்டது. கழுவியவர்கள் பிழை செய்யவில்லை. தங்கள் வாப்பாவின், தம்பியின் இரத்தத்தைத்தான் கழுவினார்கள்.

“இப்ப ஏதாச்சும் மருந்து அடிச்சுப் பாக்கேலாதா?” என்றான். லூமினோல் என்ற இரசாயனம் பழைய இரத்தத்தோடு சேர்ந்தால் இருட்டில் நீலமாக ஒளிரும். 1937இல் ஜெர்மனியில் வோல்டர் ஸ்பெக்ட் அதைக் குற்ற விசாரணைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அது வெளிற்றும் தூளுக்கும் ஒளிரும், செம்புக்கும் ஒளிரும், சில மரக்கறிச் சாறுகளுக்கும் ஒளிரும். “இங்கே இரத்தம் இருக்கலாம்” என்றுதான் அது சொல்லும், “இருக்கிறது” என்று சொல்லாது. நூற்றுக்கு மேற்பட்டவர்களின் இரத்தம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்த தளத்தில், அன்றைக்கே வந்திருந்தாலும் தனித்தனி வடிவங்களைப் பிரித்து வாசிப்பது மிகவும் கடினமாக இருந்திருக்கும்.

ஆனால் துளை இருக்கிறது. துளைக்கும் அதே கணக்குத்தான். நேராக வந்த குண்டு வட்டத் துளையைப் போடும், சாய்ந்து வந்தது நீள்வட்டத் துளையைப் போடும். அகலத்தை நீளத்தால் பிரித்தால் கோணம். சீமெந்துப் பூச்சு உடைந்து சிதறும் என்பதால் ஓரம் சுத்தமாக இருக்காது, பிழை கூடும். ஆனாலும் எந்தப் பக்கமிருந்து, எந்த உயரத்தில் சுட்டார்கள் என்பதைப் பற்றி அந்தச் சுவர் இன்னும் ஏதோ சொல்லக்கூடும். அதனால்தான் சுவரைப் பூசி மெழுகாமல் விட்ட பெரியவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். நினைவுக்காக விட்டார்கள். தெரிந்தோ தெரியாமலோ சான்றையும் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

சுவர் சொல்லாதது ஒன்று உண்டு. சுட்டவனின் பெயரை அது சொல்லாது. புலிகள் இதைத் தாங்கள் செய்யவில்லை என்றார்கள். அவர்கள்தான் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பும் அவ்வாறே பதிந்தது. அந்த அமைப்பில் இருந்தவர்கள் தமிழ் விரிவுரையாளர்கள். அவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சகா கொல்லப்பட்ட பிறகும் அவர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை, எங்கள் மையித்துகளையும் எண்ணினார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதை வாசிக்கும்போது வெட்கமும் வருகிறது, தைரியமும் வருகிறது. அவர்கள் எங்களுக்காக எழுதியது போல நாங்கள் யாருக்காக எழுதினோம்?

ஏனென்றால் வாவியின் இரு கரையிலும் இரத்தம் இருக்கிறது. அதே 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்த 158 பேரைப் படையினர் கொண்டு போனார்கள், அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் அயல் கிராமங்களிலும் குழந்தைகள் உட்பட 180க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12இல் வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், மண்முனைத் துறையில் குண்டு வெடித்துப் படையினர் இறந்த பிறகு, மகிழடித்தீவு மக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. ஆணைக்குழுவின் எண் 67. ஊரார் சொல்வது 150க்கு மேல். கடைசியில் இராணுவ நீதிமன்றத்தில் பொறுப்பதிகாரி குற்றவாளியானது படையினரைக் கட்டுப்படுத்தாததற்கும் உடல்களைச் சட்டவிரோதமாக அகற்றியதற்கும் மட்டுமே. மற்றவர்கள் விடுதலையானார்கள். கொலைக்கு யாரும் குற்றவாளி இல்லை. உடலை அகற்றுவது சான்றை அகற்றுவது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

எண்கள் ஏன் எப்போதும் இரண்டாக இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். 103ஆ 147ஆ? 67ஆ 150ஆ? யாரோ பொய் சொல்கிறார்கள் என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். எண்ண வேண்டிய நேரத்தில் முறையாக எண்ணவில்லை, அவ்வளவுதான். இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள இடைவெளி, சுவரில் இருக்கும் வெற்றிடம் போன்றது. அங்கே நிற்க வேண்டிய ஒருவர் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற சின்னப் பிள்ளைகள் இறந்தார்கள். அன்று நாடு முழுவதும் தாக்கிய கூட்டத்தின் தலைவன் எங்கள் ஊரான். அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டோம். ஒருவனின் குற்றத்தை ஊர் முழுக்கப் பூசுவது எவ்வளவு வலிக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டோம். அப்படியானால் 1990ஐப் பேசும்போது நாங்களும் அதைச் செய்யக்கூடாது. சுட்டவனைக் கேட்போம், சுடச் சொன்னவனைக் கேட்போம். பக்கத்து ஊர் மீன்காரரைக் கேட்க மாட்டோம்.

குருக்கள்மட விவகாரம் 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்துக்குப் போனது. மண்ணுக்குள் இருப்பது சுவரில் இருப்பதை விட நீண்ட காலம் காத்திருக்கும். எலும்பு இருக்கும், பல் இருக்கும், மரபணு இருக்கலாம். இரத்தம் பேசாவிட்டாலும் எலும்பு பேசும். ஆனால் தோண்டுபவர் முறை தெரிந்தவராக இருக்க வேண்டும். அவசரப்பட்டு மண்வெட்டியால் கிண்டினால் அதுவும் மூன்றாவது பெட்டிக்குத்தான் போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். கொப்பியில் நடுவே ஒரு கோடு. இடப் பக்கம் “கண்டது”, வலப் பக்கம் “நினைப்பது”. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னோம். ஒரு பிள்ளை முதல் நாள் எல்லாவற்றையும் இடப் பக்கத்தில் எழுதி வந்தாள். இரண்டாம் நாள் மூத்தம்மாவிடம் திரும்பக் கேட்டுவிட்டு, பாதியை வலப் பக்கத்துக்கு மாற்றி வந்தாள். மூத்தம்மா அழுதாராம், ஆனால் கோபப்படவில்லையாம். “எனக்கும் எது கண்டது எது கேட்டது எண்டு இப்பதான் வெளங்குது” என்றாராம்.

இதை வாசிக்கும் உறவுகள் காத்தான்குடியாக இருக்கலாம், ஏறாவூராக இருக்கலாம், சத்துருக்கொண்டானாகவோ மகிழடித்தீவாகவோ இருக்கலாம். அன்று கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களிடம் இந்த வாரமே போய் இருங்கள். எங்கே நின்றீர்கள், என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். திகதி போட்டு எழுதுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தில் இடமும் நாளும் குறியுங்கள். ஒரு துளையையும் சீமெந்து வைத்து அடைக்காதீர்கள். நாளைக்கு முறை தெரிந்த ஒருவர் வந்து கேட்கும்போது, ஷெப்பர்ட்டின் அறையைப் போல ஒரு சுவராவது எங்களிடம் மிஞ்சியிருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் ஷுஹதாக்களைப் பொருந்திக்கொள்வானாக. வாவியின் இரு கரையிலும் பிள்ளைகளை இழந்த உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் ஆறுதலைக் கொடுப்பானாக. ஆமீன்.